ராஜாவின் தலையில் ஒரு சிலுவை

சதுரங்கக் காய்களில் ராஜாவின் தலையில் மட்டும் ஒரு சின்னச் சிலுவை இருக்கும். என்னைக் கவிழ்த்தது அதுதான்.

அப்போது எனக்குப் பத்து வயது. போட்டிகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வந்து தொலையும். மாதா கோயில் பூசையும், முதல் நற்கருணைக்கான புதுநன்மை வகுப்பும் கெடுகிறதே என்று அம்மா அப்பாவோடு மல்லுக்கு நின்றாள். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. கரையான்சாவடிப் போட்டியில் கோப்பை வாங்கினால் செஸ் தொடரும். இல்லாவிட்டால் ஞாயிறு முழுக்க ஆண்டவருக்கு.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பெற்றோர் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அம்மா ஜெபமாலையோடு நின்றாள். நான் தோற்கத்தான் வேண்டுகிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைசிச் சுற்றில் ஜெயித்தால் கோப்பை. எதிரே ஐயப்பன்தாங்கல் பையன், என்னைவிடப் பெரியவன். எனக்குக் கறுப்பு. கறுப்பு வந்தால் நான் பிரெஞ்சு டிஃபன்ஸ்தான் ஆடுவேன். சிப்பாய்களைச் சுவராக அடுக்கி, அடிக்க வருகிறவன் அலுத்துப்போய்த் தப்பு செய்யும்வரை உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வீட்டிலும் நான் அப்படித்தான் காலம் தள்ளினேன்.

அவன் அலுத்தான். அவன் ராணி என் குதிரையின் வாயில் வந்து நின்றது.  நல்லது நடந்தால் மாதா சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு, விரலுக்கு முத்தம் கொடுத்து முத்தி செய்வது எங்கள் வீட்டு வழக்கம். கை தானாகப் போய் ராஜாவின் சிலுவையைத் தொட்டு உதட்டில் ஒற்றிக்கொண்டது.

“சார், இந்தப் பொண்ணு ராஜாவத் தொட்டுச்சு.”

நடுவர் வந்தார். “தொட்டியாம்மா?”

“கும்பிடத்தான் சார் தொட்டேன்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “எதுக்குத் தொட்டாலும் தொட்டதுதான்மா. ராஜாவையே நகத்து.”

தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்பது விதி. ராஜா சுவரை விட்டு வெளியே வந்தது. அவன் ராணியைக் காப்பாற்றிக்கொண்டான். சற்று நேரத்தில் என்னையும் முடித்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

வெளியே அப்பா வண்டியை எடுக்கப் போனார். அம்மாதான் கேட்டாள். “நல்லாத்தானே ஆடிட்டிருந்தே? ராஜாவ எதுக்குடி தொட்டே?”

“அதுல சிலுவை இருக்குல்லம்மா. தேங்க்ஸ் சொன்னேன்.”

அம்மா ஜெபமாலையைப் பையில் போட்டாள். அன்று ராத்திரி, செஸ் ஒழிந்தது என்று போர்வைக்குள் அழுதேன்.

அடுத்த ஞாயிறு விடியற்காலைப் பூசைக்கே என்னை எழுப்பிக் கூட்டிப்போனாள். திரும்பியதும் அப்பாவிடம், “ஆவடியில இன்னிக்கு மேட்ச்னீங்களே, கிளம்பலையா?” என்றாள்.

ஒப்பந்தத்தை அம்மா சுத்தமாக மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பேச்சுக் கொடுத்தால் ஞாபகம் வந்துவிடுமோ என்று பயந்து, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் வண்டியில் ஏறிக்கொண்டேன்.