திருப்பிச் சொல்லுதல்

கூட்டத்துக்கு வந்தவர்களைப் பேசவைப்பது எப்படி என்று ஆராய்ச்சி செய்ய ஓர் ஆபீஸ் இருக்கிறது, அதில் எனக்குச் சம்பளமும் தருகிறார்கள் என்றால் திருவனந்தபுரத்தில் நாங்கள் குடியிருக்கிற வலியசாலைத் தெருவில் யாரும் நம்புவதில்லை. வார்டு கூட்டம் நடத்துகிற கவுன்சிலர்களுக்கும் அதிகாரிகளுக்கும் நாங்கள் கைப்புத்தகம் எழுதிக் கொடுக்கிறோம். நாற்காலியை வட்டமாகப் போடுங்கள், மைக்கை ஒரே ஆளிடம் விடாதீர்கள், பெண்களுக்கு ஒழிகிற நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். இதையெல்லாம் முதலில் ஏதாவது ஒரு கூட்டத்தில் நாங்களே செய்து பார்ப்போம். பலித்தால் புத்தகத்தில் ஏறும்.

எங்கள் முறைகளிலேயே எல்லோருக்கும் பிடித்தது திருப்பிச் சொல்லுதல். ஒருவர் தன் குறையைச் சொன்னதும் குறுக்கே பேசாமல், அவர் முகத்தைப் பார்த்து, அவர் சொன்னதையே அவருக்குச் சொல்ல வேண்டும். நம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்கள் என்ற தெம்பு வந்து, மனிதர் இன்னும் மனம்விட்டுப் பேசுவார். பழகிக்கொள்ள நான் வீட்டில் ஆரம்பித்தேன். சாம்பாரில் உப்பில்லை என்றார் என் கணவர். சாம்பாரில் உப்பில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறது என்றேன்.

"தோணலை, இல்லை. நீ திருப்பிச் சொன்னா உப்பு வந்துடுமா?" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது.

நகரத்தின் வடகோடியில் கழக்கூட்டம் என்ற பகுதியில் ஐ.டி. பார்க்குக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளில் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்து ஜனங்கள் குடியிருக்கிறார்கள். கட்டட வேலை, ஹோட்டல் வேலை. மலையாளம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும், ஆனாலும் வார்டு கூட்டத்துக்குப் போகமாட்டார்கள். தமிழில் நடத்தினால் வந்து பேசுவார்களா என்று பார்ப்பது எங்கள் திட்டம். ஆபீஸில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான் என்பதால் என் தலையில் கட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடியில் கூடினோம். கவுன்சிலரும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு கடைசி வீட்டுப் பெண் எழுந்தாள். ஹோட்டலில் காய் நறுக்குகிற வேலை அவளுக்கு. கணவர் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலோடு கிடக்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையில், பக்கத்தில் அடுக்குமாடி கட்டியவர்கள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். இப்போது மழை பெய்தால் போக வழியில்லாத தண்ணீர் நேரே அவள் வீட்டுக்குள் வருகிறது. தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வந்துவிட்டால் தன்னால் ஒற்றையாய் அவரைத் தூக்க முடியாது, மழைக்கு முன்னால் ஓடையைத் தோண்டித் திறந்துவிட வேண்டும் என்றாள்.

நான் முறைப்படி அவள் முகத்தைப் பார்த்தேன். மழைக்கு முன்னால் ஓடையைத் தோண்டித் திறந்துவிட வேண்டும், அதுதானே சொல்கிறீர்கள் என்றேன். ஆமாக்கா, அதேதான் என்றாள். நாங்கள் சொல்லிக் கொடுத்தபடி கவுன்சிலரும் தலையாட்டினார். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள், மைக்குக்குப் போட்டி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் கவுன்சிலர் சொன்னார், அந்த ஓடை நிலம் கோர்ட்டில் கிடக்கிறது, தன்னால் ஒரு மண்வெட்டி மண்கூட எடுக்க முடியாது என்று. அதை உள்ளேயே சொல்லியிருக்கலாமே என்றேன். குறுக்கே பேசக்கூடாது என்று உங்கள் குறிப்பில் இருந்ததே என்றார். நல்ல மனிதர், வருத்தமாகத்தான் சொன்னார். எனக்கு மறுபடி உள்ளே போகத் தோன்றவில்லை. உள்ளே எல்லோரும் சந்தோஷமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் எப்படி இருந்தது என்று பிற்பாடு வீடு வீடாகப் போய்க் கேட்பதும் எங்கள் வேலையில் சேர்த்தி. நான் போனபோது, இங்கே இடவப்பாதி என்று சொல்கிற தென்மேற்குப் பருவமழை ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்திருந்தது. கடைசி வீட்டு வாசலில் மெத்தை நனைந்து கிடந்தது. உள்ளே அவள் கணவர் வெறும் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்து வீட்டு ஆண்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தண்ணீர் வந்திருக்கிறது. அவள் ஹோட்டலிலிருந்து ஓடி வந்து, அவர் தலையை மட்டும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் வடிகிறவரை உட்கார்ந்திருக்கிறாள்.

என்னைப் பார்த்து அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மேட்டுல ஒரு வீடு பாத்து வச்சிருந்தேன்க்கா. நீங்கதான் ஓடையத் தோண்டித் தாரோம்னு சொல்லிட்டீகளேன்னு வேண்டாம்னுட்டேன்."

அப்படி நான் சொல்லவேயில்லை என்றேன்.

"நான் சொன்னத அப்படியே சொன்னீகளேக்கா. மெம்பரும் தலையாட்டினாரு. மொதலாளிகிட்ட லீவு கேக்கோம், 'புதன்கெழமை ஊருக்குப் போணும், அப்படித்தான'ன்னு அவரு சொல்லிட்டாருன்னா லீவு கெடச்சிட்டுன்னுதான அர்த்தம்?"

மேட்டு வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டார்கள். நான் நாலைந்து இடத்தில் அறை தேடினேன். படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்றதும், வாடகைக்கு விடுகிறவர்கள் முகம் மாறிவிடும். ஓடைக்காக ஓர் ஆபீஸிலிருந்து இன்னோர் ஆபீஸுக்கு அலைந்தேன். எல்லோரும் மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டார்கள். இரண்டு இடத்தில், சத்தியமாக, நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொன்னார்கள். எங்கள் கைப்புத்தகம் மேஜைமேல் இருந்தது.

என் அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது பெரிய விஷயம், திருப்பிச் சொல்வதை ஜனங்கள் வாக்காக எடுத்துக்கொள்கிறார்கள், இனி எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கூட்டத்தைத் தொடங்க வேண்டும் என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தச் சரியை வைத்துக்கொண்டு அவள் வீட்டில் ஒரு வாளித் தண்ணீரைக்கூட இறைக்க முடியாது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். புது முறையையும் எங்காவது செய்து பார்க்க வேண்டுமே. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக அதே இடம் என்று முடிவானது.

அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். கணவரைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்து, என் எதிரிலேயே உட்கார்ந்தாள். நான் புது முறைப்படி ஆரம்பித்தேன். ஓடை எங்கள் கையில் இல்லை, கவுன்சிலர் கையிலும் இல்லை, நீங்கள் சொல்வதைக் கேட்க மட்டும்தான் எங்களால் முடியும் என்றேன். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. அவள் ஒரு தரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அப்ப எதுக்குக்கா எங்களக் கூப்பிட்டீக?"

பழகிய வாய். என்னை அறியாமல், "எதுக்குக் கூப்பிட்டோம்னு கேக்கறீங்க," என்றேன்.

அவள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.