கிச்சாப் கோழி கருகிய ஞாயிற்றுக்கிழமை

ரொட்டி அடுப்பை என் பொறுப்பில் விட்ட முதல் வாரமே இரண்டு கோழிகளைக் கரியாக்கினேன். அடுப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பினாங்கில் சூலியா தெருவை ஒட்டிய சந்தில் எங்கள் ரொட்டிக்கடை. காலை ரொட்டி இறங்கிய பிறகும் அடுப்பில் நிறையச் சூடு மிச்சமிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சூட்டில் பங்களாக்காரர்களின் கோழியைச் சுட்டுக் கொடுப்போம். முஸ்லிம் கடை என்பதால், எங்கள் ஆள் அறுத்த கோழிதானா என்று கேட்டுவிட்டுத்தான் முதலாளி தட்டை உள்ளே விடுவார்.

அன்று வெள்ளைக்கார டாக்டர் துரை வீட்டுச் சமையல்காரி அஞ்சலை அக்கா இரண்டு கோழி கொண்டுவந்தார். மேலே கிச்சாப் என்கிற சோயா சாறு, சீனி, புளித்தண்ணீர், இடித்த பூண்டு, மிளகு சேர்த்த சாறு. ஒரு மணிக்கு டாக்டரின் மனைவி, அந்த வீட்டு மெம், விருந்து வைத்திருந்தார்.

ஒரு கப்பலுக்கு ரொட்டி கேட்டிருந்ததால் அன்று அடுப்பில் இரண்டு தடவை விறகு போட்டிருந்தோம். எதை உள்ளே தள்ளுவதானாலும் முதலில் அடுப்புத் தரையில் ஒரு பிடி மாவு தூவிப் பார்க்கவேண்டும். பத்து எண்ணுவதற்குள் மாவு கருத்தால் சூடு அதிகம். நான் தூவவில்லை. அரை மணி கழித்துக் கதவைத் திறந்தேன், ஒரே புகை. சாறு தார் மாதிரி தட்டில் ஒட்டியிருந்தது.

முதலாளி வந்து பார்த்தார். "சமையல்காரி சீனிய அள்ளிக் கொட்டியிருக்கா. மெம் கேட்டா அப்படித்தான் சொல்லணும். நீ வாயத் தொறக்காத, காதரு."

அது வாசலில் காத்திருந்த அஞ்சலை அக்காவின் காதிலும் விழுந்தது. அவர் சண்டைக்கு வரவில்லை. "இன்னொரு தடவ சாப்பாடு கெட்டா வேற ஆள் பாக்குறேன்னு மெம் போன மாசந்தான் சொன்னாங்க," என்று என்னிடம் சொன்னார். பிறகு ஒரு கத்தி கேட்டார்.

கருகிய தோலை உரித்தார். உள்ளே கறி கெடவில்லை, பாதிதான் வெந்திருந்தது. நான் எதிர்க்கடைக்கு ஓடிக் கிச்சாப்பும் புளியும் வாங்கி வந்தேன். அக்கா புதுச் சாறு காய்ச்சினார். கோழியைச் சாறில்லாமல், சூடு குறைந்த அடுப்பு வாயருகில் வைக்கச் சொன்னார். "வெறுங்கறி மொதல்ல வேகட்டும் தம்பி. இனிப்பு கடைசியில போனாப் போதும்." கடைசிக் கால் மணியில் இரண்டு முறை சாறு தடவினோம். நிறம் வந்தது.

தட்டோடு அவர் ரிக்‌ஷாவில் ஏறினார். நானும் ஏறினேன். முதலாளி பின்னாலிருந்து கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. பயமாகத்தான் இருந்தது.

பங்களாவில் குசினி என்கிற சமையற்கட்டின் வாசலில் மெம் மலாயில், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"சாயா பூஞ்ஞா சாலா, மெம்," என் தப்புதான் என்றேன். சூடு பார்க்காமல் வைத்ததையும், கோழியைக் காப்பாற்றியது சமையல்காரிதான் என்பதையும் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். மெம் தட்டைப் பார்த்தார். "உள்ள கொண்டு போ," என்று அக்காவிடம் சொன்னார்.

அந்த வீட்டுக் கோழி பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை. முதலாளி என்னை அடுப்பிலிருந்து மாற்றி மாவு பிசையவிட்டார். அஞ்சலை அக்கா வேலையில் நீடித்தார்.

மாவைத் தூவாமல் எதையும் உள்ளே தள்ளாதீர்கள். இனிப்புச் சாற்றைக் கடைசியில் தடவுங்கள். அடுப்பின் தப்பைச் சமைத்தவர் தலையில் கட்டாதீர்கள்.

நடந்ததை அக்கா பாசார் சந்தையில் சொல்லியிருக்கவேண்டும். மற்ற வீட்டுச் சமையல்காரர்கள் தட்டைக் கொண்டுவந்து, "அடுப்புல காதரு இருக்காரா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் இறக்காமலே திரும்பிப் போவார்கள். நாலாவது மாதம் முதலாளி என்னைத் திரும்ப அடுப்புக்கு அனுப்பினார்.