பேர் வெட்டு

அந்தப் படத்தில் என் மனைவியின் வாய் பாதி திறந்திருக்கும். தலையில் ஈரத் துண்டு, கையில் கரண்டி. ‘போட்டோ எடுக்காதடி’ என்று சொல்லி முடிப்பதற்குள் மகள் எடுத்துவிட்டாள். முகத்தை மட்டும் சதுரமாக நறுக்கி, டி.வி.யில் மாட்டும் கேம் பெட்டிக்குள் ஏற்றினாள். டி.வி.யைப் போட்டால், யார் விளையாடப் போகிறீர்கள் என்று கேட்டு மூன்று முகங்கள் வரிசையாக நிற்கும். மஃப்ளர் சுற்றிய நான், பல்லைக் காட்டும் மகள், நடுவில் திட்டத் தயாராக அவள்.

அந்தப் பெட்டியில் சொந்த முகத்தை வைக்க வழி கிடையாது. கம்பெனி கொடுக்கும் படங்களில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்: வாள் பிடித்த வீரன், நீல முடிப் பெண், பூனை. ‘இதுல நம்மள மாதிரி யாருமே இல்லையே’ என்றாள் மனைவி. அதற்காகவே மகள், ஆர்வலர்கள் எழுதி இலவசமாகத் தரும் ‘ஹோம்ப்ரூ’ மென்பொருளைத் தேடிப் பிடித்து, பென் டிரைவில் போட்டு, கம்பெனி போட்ட பூட்டைத் திறந்தாள். நான் பின்னால் நின்று பதறிக்கொண்டிருந்தேன். ‘தப்பா அமுக்கினா என்ன ஆகும்?’ என்று கேட்டதற்கு, ‘செங்கல்லாப் போயிரும்ப்பா, சுவத்துல வச்சுக் கட்டிக்கலாம்’ என்றாள். கம்பெனியின் அப்டேட் வந்து படங்களைத் துடைத்துவிடாமலிருக்க வைஃபையையும் நிறுத்தி வைத்தாள்.

மனைவி விளையாடியது ஒரே விளையாட்டு. நிலம் உழுது, விதைத்து, மாடு வளர்ப்பது. அதில் முதலில் வாங்கிய மாட்டுக்கு ‘நாத்தனார்’ என்று பெயர் வைத்தாள். ‘நாத்தனாருக்குப் புல்லு வச்சுட்டு வாரேன், சோறு கொஞ்சம் பொறுங்க’ என்பாள். அவளுடைய நாத்தனார் என்றால் என் அக்கா. இந்தக் குறிப்பும் அக்காவைப் பற்றியதுதான். நல்லபடியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன மனைவி திரும்பவில்லை. அதன் பிறகு, உடும்பஞ்சோலையிலுள்ள எங்கள் வீட்டில் மகள் தினமும் ட்யூஷன் முடிந்து வந்து அம்மாவின் முகத்தை அமுக்கி உள்ளே போவாள். தானாக எதையும் மாற்ற மாட்டாள். செடிக்குத் தண்ணீர், மாட்டுக்குப் புல், அவ்வளவுதான். அம்மா விதைத்துவிட்டுப் போன வரிசைகள் அப்படியே இருந்தன. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அந்த நேரத்தில் மட்டுந்தான் அவள் என்னிடம் பேசினாள்.

போடியிலிருந்து மலையேறி வந்த அக்கா இதைப் பார்த்தாள். ‘செத்தவள விளையாடக் கூப்புடுறியா? மாலையைப் போட்டு மேல மாட்டுறத விட்டுட்டு இது என்ன கூத்து?’ என்றாள். மகள் மாட்டுக்குப் புல் வைத்தாள். அக்கா வந்தது சும்மா இல்லை. எனக்குப் பெண் பார்த்திருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, வீட்டைப் பார்த்துப் போக அவர்களை வரும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியும் இருந்தாள்.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலும் மகள் ட்யூஷனிலும் இருந்தபோது கேபிள்காரர் வந்திருக்கிறார். அக்கா அவரிடம் டி.வி.யைக் காட்டி, ‘நடுவுல இருக்கிற பேர வெட்டிரு தம்பி’ என்றிருக்கிறாள். அவர் மலையாளி, நல்ல மனுஷன். திரையில் வந்த எச்சரிக்கையைப் படித்து, ‘சேச்சி, பேரு மட்டுமில்ல, களிச்சதெல்லாம், விளையாடுனதெல்லாம் போகும் கேட்டோ’ என்று சொல்லியும் இருக்கிறார். ‘போகட்டும்’ என்றாளாம். பிறகு போனில் என்னிடம் இதைச் சொன்னபோது அவர் குரல் இறங்கிப்போயிருந்தது.

பேர் வெட்டு என்பது தோட்டத்துச் சொல். தேயிலைத் தோட்டத்தில் ஆள் செத்தால் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பேரை வெட்டுவார்கள். அந்த இடத்தில் வீட்டிலிருந்து இன்னொரு பேர் ஏறாவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கள் அப்பாவின் பேரை வெட்டிய அன்று அக்காவின் பேர் ஏறியது. புத்தகப் பையைக் கழற்றிவிட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டினாள். அவள் கொழுந்து கிள்ளித்தான் நான் வாத்தியாரானேன். உறவினர்கள் எல்லோரும் இப்போது இதையே எனக்கு எடுத்துச் சொல்கிறார்கள். நான் எப்போது மறந்தேன்? என்னைப் படிக்கவைத்தவள் என்பதற்காக என் பெண்ணின் தாயை அழிக்கலாமா?

அன்று சாயங்காலம் மகள் டி.வி.யைப் போட்டாள். இரண்டு முகங்கள் நின்றன. அவள் கத்தவில்லை. பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். பிறகு மறுபடியும். நான்தான் கத்தினேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே, ‘ஒரு பேர வெட்டினாத்தானடா இன்னொரு பேரு ஏறும். எனக்கு யாரு அழுதா?’ என்றாள். வரவிருந்தவர்களை வர வேண்டாமென்று நானே போனில் சொல்லிவிட்டேன். மறுநாள் அக்கா ஊருக்குப் போய்விட்டாள்.

படம் மகளிடம் இருந்தது. அம்மாவின் முகத்தை மறுபடி ஏற்றிவிட்டாள். ஆனால் உள்ளே போனால் ஒன்றும் இல்லை. வெறும் தரிசு, புதிதாகத் தொடங்கவா என்ற கேள்வி. அவள் அதை அமுக்குவதே இல்லை. என்னோடு உட்காருவதும் நின்றுபோனது.

போன மாதம் அக்கா முறுக்கு டப்பாவோடு மறுபடி வந்தாள். ‘அத்தை, இங்க பாருங்க’ என்று மகளே கூப்பிட்டாள். வரிசையில் நான்காவதாக அக்காவின் முகம் இருந்தது. எப்போது எடுத்தாளோ, சிரித்த முகம். அக்காவுக்கு உள்ளூர சந்தோஷம். ‘எனக்கு எதுக்குத்தா? நான் விளையாடவா போறேன்?’ என்றாள்.

‘விளையாட வேணாம் அத்தை. பேரு ஏறியிருக்கட்டும்’ என்றாள் மகள். ‘வெட்ட வேண்டிய அன்னைக்கு நானே வெட்டிக்கிறேன். கேபிள்காரர் வேணாம்.’

அக்கா என்னைப் பார்த்தாள், கண்டிப்பேன் என்று. என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிப் பேசியிருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன். நான் கண்டிக்கவில்லை. மகளின் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

போடிக்கு அடுத்த பஸ் எப்போது என்று அக்கா கேட்டாள். சொன்னேன்.