ஆறாவது குரல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அன்றைக்கு நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. போலீஸ்காரர்கள் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். தேதி 2019 மார்ச் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை.

என் பெயர் கிளெம். ஆஸ்திரேலியாவின் ப்ரூம் ஊரில் இருபது வருடமாக எனக்கு ஒரே பிழைப்பு. கடல் ரொம்ப உள்வாங்கும் நாட்களில் ஆட்களைச் சேற்றில் ஒன்றரை கிலோமீட்டர் நடத்திப் போய், அங்கே கிடக்கும் விமான மிச்சங்களைக் காட்டித் திரும்பக் கூட்டி வருவேன். 1942 மார்ச் மூன்றாம் தேதி இந்த விரிகுடாவில் டச்சுக்காரர்களின் பறக்கும் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. தண்ணீரில் இறங்கும் பெரிய விமானங்கள் அவை. ஜாவாவிலிருந்து தப்பி வந்த பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருந்தார்கள். ஜப்பானிய விமானங்கள் வந்து சுட்டன. பெட்ரோல் கடல்மேல் பரவி எரிந்தது. அவசரத்தில் ஏறியவர்களுக்கு முழுப் பட்டியல் ஏது? எத்தனை பேர் செத்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது.

அன்று என்னோடு ஆறு பேர். பெர்த்திலிருந்து இரண்டு தம்பதிகள். ஹாலந்திலிருந்து டினெகே என்ற பெண், அவளுடைய அப்பா ஹார்மன். அவருக்கு எண்பத்தொரு வயது. நான்கு வயதில் இதே தண்ணீரிலிருந்து அவரை முத்துக் குளிக்கும் படகுக்காரர் ஒருவர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். அவருடைய அம்மாவும் அக்காவும் அதன்பிறகு கிடைக்கவே இல்லை.

“நடந்துடுவீங்களா ஐயா? சேறு முழங்கால் வரைக்கும் இருக்கும்.”

“எங்க ஊர்லயும் கடல் வத்தினா சேத்துல நடக்கிற ஆளுங்கதான் தம்பி. நீ பின்தங்காம வா.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எல்லாரும் நெற்றியில் தலைவிளக்கு கட்டியிருப்போம். ஆனால் இருட்டில் வரிசையாக நடக்கும்போது நான் திரும்பி விளக்கடிக்க மாட்டேன். பின்னால் வருபவர் கண் கூசிச் சேற்றில் விழுந்துவிடுவார். அதனால் குரல் கணக்கு. நான் நின்று, “எண்ணுங்க” என்பேன். ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். டினெகே ஐந்து. கடைசி ஆள் ஹார்மன், ஆறு. அவர் மட்டும் பிடிவாதமாகத் தன் மொழியில் “ஸெஸ்” என்றார். எனக்குத் தெரிந்த ஒரே டச்சுச் சொல் அதுதான், அன்று கற்றது.

5.40க்கு விமானத்தை அடைந்தோம். சிப்பி ஒட்டிய எஞ்சின், வளைந்த இறக்கை, அவ்வளவுதான் மிச்சம். ஹார்மன் அதன்மேல் கை வைத்து இரண்டு பெயர்களைச் சொன்னார். 6.10க்குக் கிளம்பினோம். அதற்கு மேல் அங்கே நிற்கக் கூடாது. கடல் திரும்பி வரும்போது மனிதன் நடப்பதைவிட வேகமாக வரும்.

“அப்பா, என் பையைப் பிடிச்சிக்கோங்க” என்று டினெகே சொன்னது என் காதில் விழுந்தது.

6.22. முதல் கணக்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து… “ஸெஸ்.” சரி.

பெட்ரோல் வாடை அடித்தது. ஏதாவது படகு கசிந்திருக்கும் என்று நினைத்தேன்.

6.37. இரண்டாவது கணக்கு. “ஸெஸ்” என்ற குரல் மெலிந்திருந்தது. களைத்துவிட்டார் பாவம் என்று என் நடையைக் குறைத்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

6.50. மூன்றாவது கணக்கு. நான்கு முடிந்தது. டினெகே வாய் திறக்கும் முன்பே…

“ஸெஸ்.”

வரிசையின் கடைசியிலிருந்து அல்ல. என் முதுகுக்குப் பின்னால்… இடுப்பு உயரத்திலிருந்து வந்தது.

நான் திரும்பவில்லை. பயம். ஒப்புக்கொள்கிறேன், வெறும் பயம். எண்ணிக்கை சரியாக இருக்கிறது, போதும், கரைக்குப் போய்விடலாம் என்று நடந்தேன்.

7.01. கரை. விளக்கைத் திருப்பினேன்.

ஐந்து பேர்.

“அப்பா எங்க?” என்றாள் டினெகே. “இப்பகூடப் பையைப் பிடிச்சி இழுத்துட்டே வந்தாரே… கிளெம், அப்பா எங்க?”

அவள் பையின் வார் நனைந்திருந்தது. முகர்ந்தேன். பெட்ரோல்.

கடலைப் பார்த்தேன். தூரத்தில், விமானம் கிடந்த இடத்தில், ஒரு தலைவிளக்கு அசையாமல் எரிந்தது.

ஓடினேன். நூறு அடியில் தண்ணீர் தொடைக்கு வந்தது. இருநூறு அடியில் மார்புக்கு வந்தது. கரையோரப் பள்ளத்தில் கடல் முதலில் நிரப்பும் ஓடை, என்னை இழுத்துப் புரட்டிக் கரையிலேயே எறிந்தது. மறுபடி போனேன். மறுபடி எறிந்தது.

மீட்புப் படகு வைத்திருக்கும் மிக்கிற்கு போன் அடித்தேன்.

“படகு இறக்குற இடத்துல இன்னும் சேறுதான்டா இருக்கு” என்றான். “நாப்பது நிமிஷம் ஆகும்.”

“நாப்பது நிமிஷத்துல அவர் முங்கிடுவாருடா!”

“தெரியுது. தண்ணி ஏறணுமே, நான் என்னடா பண்ண?”

நடக்கவும் வழியில்லை, படகும் போகாது. அந்த நாற்பது நிமிஷம் நான் கரையில் மரம் மாதிரி நின்றேன். பின்னால், சேற்றில் நிலா எழுவதைப் பார்க்க வருபவர்களுக்காகக் கரையில் போடும் இரவுச் சந்தை நடந்துகொண்டிருந்தது. நிலா எழும்பி ஈரச் சேற்றில் படிப்படியாக மின்ன, ஜனம் கைதட்டியது. டினெகே தொண்டை கிழியக் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

7.20. விளக்கு தாழ்ந்த மாதிரி இருந்தது.

7.35. நிச்சயமாகத் தாழ்ந்திருந்தது.

7.41. படகு கிளம்பியது.

ஹார்மன் அந்த விமான எஞ்சின்மேல் நின்றிருந்தார். கழுத்துவரை தண்ணீர். உயிர் இருந்தது. படகில் தூக்கிப் போட்டதும் கோபமாக என்னைப் பார்த்தார்.

“ஏன் தம்பி பாதியில விட்டுட்டுப் போயிட்ட?”

“ஐயா, நீங்க எங்க பின்னாலதானே…”

“உன் பின்னாலதான் வந்தேன். நீதானே நிறுத்தி எண்ணச் சொன்னே? எவ்வளவு அழகா டச்சு பேசினே!”

நான் அவர்மேல் போர்வையைச் சுற்றினேன். அவர் விடாமல் சொன்னார்.

“நான் ஆறுன்னு சொன்னேன். எனக்குப் பின்னால ஒரு சின்னப் பையன் ஏழுன்னான். அப்புறம் எட்டு… ஒரு பொம்பளை. அப்புறம் கைக்குழந்தைக்காக ஒருத்தி சேர்த்துச் சொன்னா. நாப்பத்தொண்ணு வரைக்கும் கேட்டேன். உங்க படகு சத்தத்துல விட்டுப்போச்சு.”

அன்றிரவே ஆஸ்பத்திரியில் காய்ச்சல் ஏறியது. மூன்று நாள் கண் திறக்கவில்லை. ஆனால் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நாற்பத்திரண்டிலிருந்து தொடங்கியதாக டினெகே சொன்னாள். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே இடைவெளி. யாரோ சொல்வதைக் கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்வது போல.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் கையை விரித்துவிட்டார். செய்வதற்கு ஒன்றுமில்லை.

நாலாம் நாள் காலை 9.30க்கு அவர் நிறுத்தினார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு ஓர் எண்ணை மட்டும் உரக்க, கணீரென்று, தன் முறை வந்தவர் சொல்வதுபோலச் சொன்னார். அதோடு மூச்சு நின்றது.

அந்த எண் என்னவென்று டினெகேயிடம் கேட்டேன். முதலில் சொல்ல மறுத்தாள். ஊருக்குக் கிளம்பிய அன்று, விமான நிலையத்தில் தன் பயணப் பெட்டியைத் தூக்கும்போது சொன்னாள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏனென்றால் அதற்கு அடுத்த எண்ணை அவள்…

“அதுக்கு அடுத்த எண்ணு நேத்து ராத்திரி என் காதுல கேட்டுச்சு கிளெம்” என்றாள். “உன் குரல்ல.”