மனுவில் ஏறாத வாசற்படி

ஷோயப் எந்த மனுவை எழுதினாலும் தாளின் உச்சியில் நாலு விரற்கடை இடம் விட்டுத்தான் ஆரம்பிப்பான். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மேசை போட்ட ஒன்பது வருஷத்தில் அது மாறியதில்லை. வருகிறவர்கள் கல்யாணமான கதையிலிருந்து தொடங்குவார்கள். குறை கடைசியில்தான் வெளியே வரும். யாருக்குப் போகவேண்டிய மனு என்பது அப்போதுதான் தெரியும். பெறுநரை அதன்பிறகு மேலே நிரப்புவான்.

தன் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் ஷோயப். ஒரு நாவல் எழுத மூன்று வருஷமாக நோட்டு வைத்திருந்தான். பதினோரு தொடக்கங்கள் எழுதி அடித்தாயிற்று. அவற்றில் ஏழு, ஊர் மலையில்தான் ஆரம்பித்தன. படித்தவன் என்று காட்டிக்கொள்ளத்தான் எழுதுகிறோமோ என்றுகூடத் தோன்றும். இந்த வருஷமும் ஆரம்பம் அமையாவிட்டால் நோட்டைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

"இன்னும் மலை மேலதான் நிக்கிறீங்களா? எறங்கி வாங்க, சோறு ஆறுது" என்பாள் மனைவி உம்மே ஹானி.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, குறைதீர் கூட்டத்தன்று, அடி அண்ணாமலை ராஜம்மாள் வந்து உட்கார்ந்தாள்.

"போன பௌர்ணமி வரைக்கும் எங்க வாசப்படி எங்களுதாத்தான் இருந்துச்சு தம்பி."

ஷோயப்பின் பேனா நின்றது. கிரிவலக் கூட்டத்தை நம்பிப் பக்கத்து வீட்டுப் பரசுராமன் அவள் படிமேல் பலகை அடித்து டீக்கடை போட்டிருந்தான். கூட்டம் போய் இரண்டு வாரமாகியும் எடுக்கவில்லை. அவள் கொல்லைப்புறமாகச் சுற்றித்தான் தன் வீட்டுக்குள் நுழைந்தாள்.

மனுவில் வழக்கம்போல 'பொதுப்பாதையை ஆக்கிரமித்துள்ளார்' என்று எழுதினான். அவள் சொன்ன வரியை வீட்டுக்குப் போனதும் நோட்டில் எழுதினான். அடுத்த வரி தானாக வந்தது. அந்த வாரத்திலேயே பதினாலு பக்கம்.

"நல்லாருக்கே. யாரு வீட்டு வாசப்படி?" என்றாள் உம்மே ஹானி.

"சும்மா கதைதான்" என்றான்.

மூன்று வாரம் கழித்து ராஜம்மாள் ஒரு கடிதத்தோடு வந்தாள். நேரில் பார்த்ததில் பாதையில் ஆக்கிரமிப்பு எதுவும் இல்லை, மனு முடிக்கப்பட்டது என்று போட்டிருந்தது.

"வந்த ஆளு தெருவ அளந்துட்டுப் போயிட்டாரு. பரசுராமன் டீ குடுத்து அனுப்பறான்! நான் வாசப்படின்னுதானே சொன்னேன்? அத எங்க எழுதின நீ?"

எங்கே எழுதினான் என்பது அவனுக்குத் தெரியும். ஒரு புதுத் தாளை எடுத்தான். புது மனுவில் அவள் வரியையே முதலில் போட்டுப் படித்துக் காட்டினான். "இப்பதான் சரி" என்று கையெழுத்துப் போட்டாள்.

டிசம்பரில் கடையை எடுத்துவிட்டார்கள். ராஜம்மாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, "உனக்கு நான் கடன்பட்டிருக்கேன் தம்பி" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று வாங்கிக்கொண்டான்.

நாவல் அறுபது பக்கம் தாண்டிவிட்டது. முதல் வரியை மாற்றிப் பார்த்தான், கதை நின்றுபோயிற்று. திரும்ப அதையே வைத்துவிட்டான். அது அவளுடையது என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. முதல் பக்கத்தின் உச்சியில் அவள் பெயருக்கென்று விட்ட நாலு விரற்கடை இடம் காலியாகத்தான் இருக்கிறது.