ஃபிட்ஸ் இருந்தால் ட்ரெட்மில் கிடையாதா?

ஆளை ஓடவிட்டு இதயத்தைப் பார்ப்பது எங்கள் தொழில். ஆனால் யாரை ஓடவிடலாம் என்று யோசிப்பது மட்டும் யாருடைய வேலையும் இல்லை. அநியாயம் நடந்தது சுந்தரம் அங்கிளுக்கு. மூச்சு வாங்குகிறது என்று உப்பல் பகுதியிலிருந்து வந்தவரை, வலிப்பு உள்ளவர் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு முறை சோதிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். நான் அந்தப் பரிசோதனைக் கூடத்தில் பயிற்சிக்கு வந்திருக்கும் கல்லூரி மாணவி. சீட்டோடு ஆஸ்பத்திரிகளில் அலைந்தவர்களே, நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

சிவப்பு வட்டம்

சீட்டில் ‘ஃபிட்ஸ்’ என்றிருந்தால் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிவிடுவது எங்கள் வழக்கம். மூன்றாவது முறை அவர் வந்தபோது நான் சண்டைக்கு நின்றேன். சீனியர் டெக்னீஷியன் ஸ்டெல்லா மேடம் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். “கைக்கு வம்பு? ஓடறப்ப விழுந்தா யார் பதில் சொல்றது? நக்கோ!” என்றார். அந்த ஊர்ப் பேச்சில் ‘கைக்கு’ என்றால் எதுக்கு, ‘நக்கோ’ என்றால் வேண்டாம்.

அங்கிள் நெற்றியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “லிஃப்ட் ஓடலைன்னு மூணு மாடி ஏறி வந்தேனே மேடம், அதையாவது கணக்குல எடுத்துக்குவீங்களா?”

சேவகம்

கடைசியாக எப்போது வலிப்பு வந்தது என்று கேட்டேன். நாலு வருஷம் முன்பு, மாத்திரை தவறியதில்லை. நடப்பாரா? அவர் வாயைத் திறக்குமுன் மனைவி வசந்தா ஆன்ட்டி முந்திக்கொண்டார்: “நடக்கறதா? தண்ணிகூட நான்தான் கையில குடுப்பேன்!”

எனக்கு வந்ததே கோபம். வலிப்பு உள்ளவர்களுக்கு இதயக் கோளாறு வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம் ஆன்ட்டி, சில மாத்திரைகள் கொழுப்பை ஏற்றும், சில இதயத் துடிப்பைப் பாதிக்கும், இதில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் எப்படி என்று பொரிந்து தள்ளினேன்.

ஆன்ட்டி சோர்ந்துபோய்ச் சொன்னார்: “உட்கார வெச்சு இவரைக் காப்பாத்தறேன்னு இல்ல நெனச்சேன்!”

யார் போட்ட சட்டம்?

விஷயத்தை டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் ஈ.சி.ஜி., எக்கோ இரண்டையும் பார்த்தார். நரம்பியல் டாக்டருடன் போனில் பேசினார். தானே பக்கத்தில் நிற்பதாகச் சொல்லி ட்ரெட்மில்லுக்குச் சம்மதித்தார். பிறகு, “இவரைத் திருப்பி அனுப்பச் சொன்னது யாரு?” என்றார்.

ஸ்டெல்லா மேடம் மெல்லச் சொன்னார்: “நான் வேலைக்குச் சேரும்போதே அப்படித்தான் சார்.”

ஏழு நிமிஷம்

மார்பில் ஒயர்களோடு அங்கிள் ஏறினார். முதல் நிமிஷம் பயம், மூன்றாவது நிமிஷம் சிரிப்பு, ஐந்தாவதில், “வசந்தா, பாரு, பாரு!” ஆன்ட்டி அவர் செருப்பை மார்போடு அணைத்தபடி அழுதுகொண்டே சிரித்தார். ஸ்டெல்லா மேடம் விக்கெட் கீப்பர் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

அடைப்புக்கான அறிகுறி இல்லை. ரத்த அழுத்தமும் கொழுப்பும்தான் அதிகம். மாத்திரை, தினமும் துணையோடு நடை என்றார் டாக்டர்.

நான் தொண்டை வறள வாதாடியும் அசையாத ஸ்டெல்லா மேடம் ஏழே நிமிஷ நடையில் கட்சி மாறியிருந்தார் என்பது, “இனி என்னை மாதிரி யாராவது வந்தா என்ன பண்ணுவீங்க?” என்று அங்கிள் கேட்டதும் அவர் சொன்ன பதிலில்தான் எனக்குத் தெரிந்தது: “வரட்டும், பின்னாடி நான் நிக்கறேன்.”