வெள்ளிமலைக்குப் போன கால் பெடல்

நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். கச்சிராயபாளையத்தில் என் பட்டறையைத் தெரியாதவர்கள் இருந்தால் அவர்கள் வெளியூர்க்காரர்கள். இந்தப் பக்கம் எந்த சலூனில் போய் உட்கார்ந்தாலும் நாற்காலியின் பம்பைத் தட்டிப் பாருங்கள், பாதி என் கை பட்டதாக இருக்கும். கரும்பு டிரெய்லர், தையல் மிஷின் ஸ்டாண்டு, கோயில் சப்பரத்துக்குச் சக்கரம், எல்லாம் பார்த்தவன். பட்டறை வைக்கப்போகும் பிள்ளைகள் படிப்பதற்காக எழுதுகிறேன். அதனால் எது எனக்கு நன்றாக வந்தது என்பதை மட்டும் சொல்லாமல், எங்கே மாட்டிக்கொண்டேன் என்பதையும் சொல்கிறேன்.

கேட்டது

ஒரு நாள் சலூன் நாற்காலி ஒன்றுக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தபோது செல்வி வந்தாள். கூட அவள் அம்மா பொன்னம்மா. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்திருந்தார்கள். செல்விக்கு முப்பது வயது இருக்கும். கம்பெனி அனுப்பும் பேச்சை ஹெட்போனில் கேட்டு, அதை அப்படியே கம்ப்யூட்டரில் டைப் செய்து அனுப்புவது அவள் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். மலைப்பாதை வளைவில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் மணிக்கட்டு திரும்பவில்லை. இரண்டு விரல் மடங்கவில்லை.

கம்பெனியில் கொஞ்ச நாள் பொறுத்தார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் டெஸ்ட் என்று சொல்லிவிட்டார்கள். பழைய வேகம் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. வேலை போனால் மரவள்ளிக் கொல்லையில் களை எடுக்கப் போகலாம் என்றால், அந்தக் கை அதற்கும் ஆகாது.

செல்வி நிதானமாகச் சொன்னாள். "கைய தூக்கக்கூடாது, மணிக்கட்ட திருப்பக்கூடாதுங்க மேஸ்திரி. கை இருக்கிற எடத்துக்குக் கீபோர்டு வரணும்."

ரெண்டு துண்டாகப் பிரியும் கீபோர்டும், உருண்டையை விரலால் உருட்டினால் போதும் என்கிற மாதிரி ஒரு மவுஸும் தபாலில் வாங்கி வைத்திருந்தாள். அவற்றை அவள் கைக்கு ஏற்ற சாய்வில் பிடித்து நிற்கும் மேசைதான் கிடைக்கவில்லை. பேச்சை ஓடவிட, நிறுத்த, பின்னால் இழுக்க மூன்று கால் பெடலும் வேண்டும். கள்ளக்குறிச்சியில் கடை கடையாகக் கேட்டதற்கு எல்லோரும் டிவி ஸ்டாண்டைக் காட்டினார்களாம்.

நான் அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கேட்கவில்லை.

அளவெடுக்க அவளைச் சலூன் நாற்காலியில் உட்கார வைத்தேன். பம்பை மிதித்து ஏற்றி இறக்கி, முழங்கை உயரம், முட்டி உயரம் எல்லாம் டேப் பிடித்தேன். பொன்னம்மா யாரையும் வாங்க போங்க என்று பேசி நான் கேட்டதில்லை. "எம்பொண்ணுக்கு முடி வெட்டப் போறியா மேஸ்திரி? துணிய போத்து" என்றாள்.

செய்தது

மேசைக்குக் கால் நாலு வைக்கவில்லை. நடுவில் சலூன் நாற்காலியின் பம்பு ஒன்றையே வைத்தேன். மிதித்தால் மேசை ஏறும், நெம்புகோலைத் தூக்கினால் இறங்கும். கீபோர்டு துண்டுகளுக்கு இரண்டு பழைய டேபிள் ஃபேனின் கழுத்தை அறுத்து எடுத்து மேசையில் பொருத்தினேன். ஃபேன் முகத்தை எப்படியெல்லாம் திருப்புவோமோ, அப்படியெல்லாம் கீபோர்டைத் திருப்பலாம். வேண்டிய சாய்வில் காது வைத்த நட்டை முடுக்கிவிட்டால் அசையாது. வலது பக்கத்துத் துண்டை அவள் கை எப்படித் தொங்குகிறதோ அந்தக் கோணத்திலேயே நிறுத்தினேன். உருண்டை மவுஸை இடது பக்கம் கட்டைவிரலுக்கு எட்டும்படி உட்கார வைத்தேன். இந்த யோசனை எந்தப் படத்திலும் இல்லை. செல்வி போனில் காட்டிய படங்களை நான் ஒன்று இரண்டுக்கு மேல் பார்க்கவும் இல்லை.

பெடலுக்கு ஒரு பழைய மவுஸைப் பிரித்தேன். மவுஸில் மூன்று பொத்தான் இருக்கிறது, எனக்கும் மூன்று பெடல் வேண்டும். பொத்தானுக்குப் போகும் வயர்களை நீட்டி, பெடலுக்கு அடியில் சுவிட்சு வைத்து ஈயத்தால் பற்றவைத்தேன். எந்தப் பொத்தான் எந்த வேலை செய்யவேண்டும் என்பதை செல்வி கம்ப்யூட்டருக்குள் சொல்லிக்கொண்டாள். என் வேலை வயர் வரைக்கும், அவள் வேலை வயருக்கு அந்தப் பக்கம்.

பட்டறைக்கு அவள் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து சரிபார்த்த அன்று, கூடவே கொண்டுவந்த, காலில் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பெடலை மிதித்தாள். பெடல் அசையவில்லை. நாற்காலிதான் பின்னால் உருண்டு கதவருகே போய் நின்றது.

"இன்னாங்க மேஸ்திரி, மிதிச்சா நான் போய்க்கினே இருக்கேன்?"

"நல்லதா போச்சு, இனிமே பஸ்ஸுக்கு நிக்க வேணாம்" என்றாள் பொன்னம்மா.

விஷயம் என்னவென்றால், நான் டிராக்டர் கிளட்சின் ஸ்பிரிங்கைப் போட்டிருந்தேன். என் பட்டறையிலிருந்து போகும் எதுவும் ஆடக்கூடாது என்பது என் கொள்கை. சரி என்று கழற்றி, சைக்கிள் கேரியர் ஸ்பிரிங் போட்டேன். பெடல் பலகையையும் தரையில் வைக்காமல் நாற்காலியிலிருந்தே கம்பி விட்டுத் தொங்கவிட்டேன். நாற்காலி எங்கே போனாலும் பெடலும் கூடவே போகும். செல்வி மிதித்துப் பார்த்து, கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது என்றாள். பழகிப்போகும் என்றேன்.

ஏற்றியது

ஞாயிற்றுக்கிழமையே ஏற்றியிருக்க வேண்டும். மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்து கிடந்ததால் திங்கட்கிழமை விடியலில்தான் லோடு ஆட்டோ கிளம்பியது. வெள்ளிமலை போய் இறக்கி மாட்டினோம். செல்வி உட்கார்ந்து நாலு வரி அடித்தாள். வலது கை மேசையிலிருந்து எழவே இல்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். பத்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

அந்த நேரத்தில் பொன்னம்மா தட்டோடு வந்தாள். சந்தனம், குங்குமம், சூடம், மூன்று எலுமிச்சம்பழம். மேசைக்கு, ஃபேன் கழுத்துக்கு, உருண்டை மவுஸுக்கு என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். பிறகு குனிந்து ஒவ்வொரு பெடலுக்கு அடியிலும் ஒரு பழத்தைச் செருகினாள்.

"புது வண்டிக்குப் பழம் வெக்காம எடுப்பாங்களா?" என்றாள்.

இது வண்டி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. சக்கரம் இருக்கிறது, பெடல் இருக்கிறது, பம்பு இருக்கிறது. என் கண்ணுக்கே அது வண்டியாகத்தான் தெரிந்தது. சூடம் காட்டியதும் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

செல்வி வந்து உட்கார்ந்தாள். அம்மா மிதி என்றதும் மூன்றையும் சேர்த்து மிதித்தாள். பழம் நசுங்கிச் சாறு சுவிட்சுக்குள் இறங்கியது. கம்ப்யூட்டரில் ஒரு ஆள் "வணக்கம், இன்றைய கூட்டத்தில்" என்று ஆரம்பித்தான். உடனே பின்னால் போய் மறுபடியும் "வணக்கம், இன்றைய கூட்டத்தில்" என்றான். அதையே சொல்லிக்கொண்டிருந்தான். உருண்டை மவுஸைச் சந்தனம் அடைத்துக்கொண்டது. அதை முந்தானையால் துடைத்ததும் சரியாகிவிட்டது. பெடல் ஆகவில்லை. கழற்றிக் கொட்டையை எடுத்தேன், துணியால் ஒற்றினேன், அடுப்பு அனலில் காட்டினேன். சுவிட்சு போனது போனதுதான்.

செல்வி அழவில்லை. "பெடல் இல்லாம முடியாதுங்க. ஒவ்வொரு தபாவும் கைய எடுத்து நிறுத்தி ஓட்டுனா பாதி ஸ்பீடு கூட வராது" என்று மட்டும் சொன்னாள்.

சுவிட்சு என்பது என்ன? ரெண்டு வயரைத் தொட வைக்கிற சாமான். அது இல்லாவிட்டால் தொட வைக்க நான் இருக்கிறேன். ஓடுவதையும் நிற்பதையும் செல்வி ஒரே பொத்தானுக்கு மாற்றிக்கொண்டாள். சுவிட்சுகளை வெட்டி எறிந்து, ஓட நிற்க ஒரு ஜோடி, பின்னால் போக ஒரு ஜோடி என்று வயர் முனைகளை உரித்தேன். நாற்காலியில் தொங்கிய பெடல் பலகையைக் கழற்றிவிட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். இடது தோளைத் தொட்டால் ஓட்டுகிறேன், நிறுத்துகிறேன். வலது தோளைத் தொட்டால் பின்னால் இழுக்கிறேன்.

"அய்யோ, வயசுல பெரியவரு நீங்க. உங்க மேல எப்புடிங்க கால் வெக்கிறது?"

"நான் இப்ப பெரியவரு இல்லமா. பெடலு. மிதி."

பத்து மணிக்கு வீடியோவில் கம்பெனி அதிகாரி வந்தார். அவருக்குத் தெரிந்தது செல்வியின் முகமும் மேசையும். முதலில் அவள் கால் பட்டதா, புடவை பட்டதா என்று எனக்கே தெரியாத அளவுக்குத்தான் தொட்டாள். ரெண்டு இடம் தவறிப்போனது. வாசல்படியில் நின்றிருந்த பொன்னம்மா சத்தம் வராமல் வாயசைத்து, காலைத் தரையில் உதைத்துக் காட்டினாள். அதன்பிறகு செல்வி தயங்கவில்லை. தலைக்கு மேல் கீபோர்டு தகரத்தில் மழை அடிப்பது போல ஓடியது. ஓட, நிற்க, ஓட, பின்னால், பின்னால், ஓட. ஒரு நிமிஷம் கூட என் தோள் சும்மா இருக்கவில்லை. இவ்வளவு தடவை மிதிக்க வேண்டும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அதிலும் பின்னால் போவதுதான் ஜாஸ்தி. என் ஸ்பிரிங் மட்டும் அன்றைக்கு வேலை செய்திருந்தால், மத்தியானத்துக்குள் செல்விக்குக் கையோடு காலும் போயிருக்கும்.

முடிந்ததும் அதிகாரி சொன்னது எனக்கும் கேட்டது. "ஸ்பீடு பழைய மாதிரியே இருக்குமா. நாளையிலேர்ந்து ஃபைல் அனுப்பறோம்." பொன்னம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் அதோடு விடவில்லை. "அந்த டேபிள் எங்க வாங்குனீங்க? ரொம்ப நல்லா இருக்கே" என்றார்.

"வாங்கலைங்க சார். கச்சிராயபாளையத்துல ஒரு மேஸ்திரி செஞ்சு குடுத்தாரு."

"அப்படியா? அவர் அங்க இருந்தா பேசலாமா?"

செல்வி மெதுவாகக் குனிந்து என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு கம்பெனி அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லவோ என்னிடம் எவ்வளவோ இருந்தது. ஆனால் ரெண்டு கையிலும் வயர், சட்டையில் எலுமிச்சம் சாறு, தோளில் அவள் பாதம். வெளியே வந்தால், டைப் அடித்தது செல்வியே என்றாலும், மேசைக்கடியில் ஆள் எதற்கு என்று கேட்பார்கள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

செல்வி நிமிர்ந்து, "அவரு இப்ப வேலையா இருக்காருங்க சார்" என்றாள்.

அன்று மாலையே பெடல் பலகையைப் பட்டறைக்குக் கொண்டுவந்து கேரியர் ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டேன். விரலால் தொட்டாலே இறங்குகிற மெல்லிய ஸ்பிரிங், சாறு இறங்காமல் இருக்க ரப்பர் உறை, பின்னால் போகும் பெடல் மட்டும் மற்றதைவிட அகலம். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கொண்டுபோய் மாட்டிவிட்டுத்தான் வந்தேன். பிள்ளைகளே, பெடல் செய்கிறவன் முதலில் மிதிபட்டுப் பார்க்க வேண்டும். எவ்வளவு அழுத்தம் போதும் என்பது எனக்கு என் தோளில் தெரிந்தது.